சுரங்கத்து மழைநீருக்கும் கட்டணம் வேண்டும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, குறிஞ்சிப்பாடி வட்டார விவசாயிகளுக்கு இரட்டைக் கவலை. வானத்து நீர் ஒன்று. நெய்வேலிச் சுரங்கத்து நீர் மற்றொன்று.

திறந்தவெளிச் சுரங்கத்தில் விழும் மழையை இறைத்து வெளியேற்றாவிட்டால் நிலக்கரி வெட்ட இயலாது. குன்றுகளாகக் குவித்துள்ள மண்மேடுகளின் மீது பெய்வதும் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் இறங்குகிறது. பரவனாறு வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகும் நீரில் இதுவும் சேர்த்தி. வாலாஜா ஏரி பல்லாண்டு தூர்ந்து கிடந்து, பின்னர் என்.எல்.சி. நிறுவனச் செலவிலேயே தூர் வாரப்பட்டதை விவசாயிகள் அறிவார்கள்.

சுரங்க நீர் முழுவதையும் நஞ்சு என்று சொல்ல நாம் தயாரில்லை. கோடையில் அதை நம்பிப் பயிர் வைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாம் கேட்பது தெளிந்த நீர்.

ஆலை தன் கழிவுநீரை வெளியே விட, 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. ஆனால் அக்கட்டணம் நிலம், கட்டடம், எந்திரம் ஆகியவற்றின் மதிப்பைப் பார்த்துப் போடப்படுகிறது. எத்தனை ஏக்கர் வெற்று மண்ணிலிருந்து மழைநீர் வழிகிறது என்று பார்த்து அல்ல. தொழிற்கூட வளாகத்திலிருந்து வெளியேறும் திடப்பொருளையும் சட்டம் கழிவு என்றே சொல்கிறது. அப்படியானால் மழை அடித்து வரும் மண்ணும் கரித்தூளும் மட்டும் இயற்கையின் கணக்கில் எப்படிச் சேரும்?

ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் நீர். 100 ஏக்கர் மேட்டில் 4 கோடி லிட்டர். பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஆறு, ஓடைகளில் விடும் நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை மிதக்கும் மண் இருக்கலாம் என்பது பொது அளவு. அந்த அளவுக்கு உட்பட்டே வந்தாலும் ஒரே மழையில் 2 டன் மண் கீழே வந்து சேரும். செக்கச் செவேலென்று வரும் நீரில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்காலுக்காகவே அது நடந்தது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தர உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்திரம் அழித்த பயிருக்கு விலை கிடைத்தது. வண்டல் மூடிய பயிருக்கு?

அமெரிக்காவில் 1987இல் சட்டத்தைத் திருத்தி, 1990இல் விதிகள் செய்து, சுரங்கம் உள்ளிட்ட தொழிற்கூடங்களின் மழைநீருக்கென்றே தனி அனுமதி ஏற்படுத்தினார்கள். ஜெர்மனி நகரங்களில் கூரை, தள அளவைச் சதுர மீட்டரில் கணக்கிட்டு மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கும் மண்மேட்டின் பரப்பை வைத்துக் கட்டணம் போடலாம். மரம் வளர்த்து மூடிய மேட்டுக்குக் குறைக்கலாம். அந்தப் பணம் சென்னைக்குப் போகாமல் கீழேயுள்ள வாய்க்கால், ஏரி தூர் வாரவே செலவாக வேண்டும். கிராமத்து அரிசி ஆலைக்காரர் தலையில் இதே கட்டணத்தைக் கட்டக் கூடாது. அது கடைசியில் நம் நெல் விலையில்தான் வந்து விடியும்.

விதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆவணி பிறந்ததுமே, வண்டல் படியும் குட்டைகளைப் பார்வையிடக் கோரி, கடலூர் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுங்கள். ஓடையின் பெயர், கலங்கல் வந்த தேதி, வயலின் சர்வே எண் மூன்றையும் எழுதுங்கள். நாமே பாட்டிலில் பிடித்த நீர் வழக்குக்கு உதவாது. வாரிய அலுவலர் முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரியே செல்லும். ஆகவே கலங்கல் வரும் அன்றே அவரை வரவழையுங்கள். வாரியம் அசையாவிட்டால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எவரும் நீதிமன்றம் செல்லலாம் என்று சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 60 நாளை எண்ணுவதற்கு முன்னறிவிப்பின் ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கட்டும்.