விழுந்தவரைக் கட்டிலோடு கட்டிப்போட வேண்டாம்

சேந்தமங்கலம் வட்டாரத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய அப்பாவுக்கு 71 வயது. கொல்லிமலையில் உள்ள மிளகுத் தோட்டத்தில் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. “இனி அசையவே விடக்கூடாது, கட்டிலில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள் வீட்டார். “நடந்தே ஆக வேண்டும்” என்கிறார் அப்பா. எது சரி?

பதில்: அப்பா கேட்பதுதான் சரி. அறுவை செய்த காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை மட்டும் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அளவுக்குள் தினமும் எழுந்து நிற்பதும் நடப்பதும் கட்டாயம். பெரும்பாலான இடுப்பு அறுவைக்குப் பிறகு மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய மருத்துவ முறை.

ஓய்வு நல்லது என்று நினைத்துத்தான் கட்டிலில் கிடத்துகிறார்கள். ஆனால் உழைக்காத தசை வேகமாகக் கரையும். உடல்நலத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துச் சோதித்ததில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. இது 2007-ல் வெளியான ஆய்வு. அடிபட்ட உடம்பில் இழப்பு இன்னும் கூடும். படுக்கைப்புண், நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது எல்லாம் கூடவே வரும்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது?

நிற்கும் உடம்புக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது. கண் பார்க்கிறது. உள்காது சாய்வை உணர்கிறது. பாதமும் மூட்டுகளும் தரையை உணர்கின்றன. மூளை இவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கால் தசைக்குக் கட்டளை தருகிறது. வயதானால் கண்ணில் புரை, சர்க்கரை நோயால் பாத மரப்பு, தொடைத் தசை மெலிவு என்று ஒவ்வொன்றாகக் குறைகிறது. இருட்டில் வரப்பில் நடக்கும்போது கண்ணின் உதவியும் போய்விடுவதால்தான் அந்த நேரத்தில் அதிகம் விழுகிறார்கள். இதில் பெரும்பகுதியைச் சிகிச்சையாலும் பயிற்சியாலும் மீட்கலாம்.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் முதியவர்களுக்காக ஒரு வீட்டுப் பயிற்சியை வகுத்தது. பயிற்சி பெற்ற செவிலியர், 75 வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கே போய் அதைக் கற்றுக்கொடுத்தார். செய்தவர்கள் விழுவது, செய்யாதவர்களைவிட 46 சதவீதம் குறைந்தது. முடிவு 2001-ல் வெளியானது.

செவிலியர் செய்வது என்ன?

மறுவாழ்வுச் செவிலியத்தின் அடிப்படை ஒன்றுதான்: நோயாளிக்காக வேலையைச் செய்துவிடாமல், அவரைச் செய்ய வைப்பது. நம் வீடுகளில் பாசத்தால் ஊட்டிவிடுகிறோம், துடைத்துவிடுகிறோம், தூக்கி உட்கார வைக்கிறோம். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். பக்கத்தில் நின்றால் போதும். சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, கட்டிலிலிருந்து எழுவது எல்லாமே பயிற்சிதான். மூட்டு மாற்று அறுவை என்றால் குத்துக்கால் வைப்பதும், தாழ்ந்த முக்காலியில் உட்காருவதும், காலைக் குறுக்கே போடுவதும் மருத்துவர் சொல்லும் வரை கூடாது. அதுவரை கழிப்பறைக்கு உயரமான கமோடு நாற்காலி வேண்டும்.

கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே தடியின் உயரம். அடியில் ரப்பர் பூண் இருக்கட்டும்.

தினசரிப் பயிற்சி

எலும்பு முறிவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும். மற்ற முதியவர்கள் இன்றே தொடங்கலாம். சுவரோ கனமான மேசையோ கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

1. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது: 5 முறையில் தொடங்கி 10 முறை வரை. முடிந்தால் கையை ஊன்றாமல்.
2. மேசையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது: 10 முறை. பிறகு முன்பாதத்தை உயர்த்துவது: 10 முறை.
3. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது.
4. பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. இரண்டு காலுக்கும்.
5. பக்கவாட்டில் 10 அடி நடந்து திரும்புவது.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்கு ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் பார்க்கவும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை அளந்து குறித்து வைக்கலாம்.

வீடும் தோட்டமும்

தொட்டியடிப் பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நடைபாதையில் குறுக்கே கிடக்கும் சொட்டுநீர்க் குழாயையும் மாட்டுக் கயிற்றையும் ஓரமாக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, மலைத் தோட்டத்துப் படிகளில் ஒரு பக்கமாவது மூங்கில் கைப்பிடி வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள செருப்பு நல்லது.

யாரை அணுகுவது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்துகொள்ளலாம். விவரம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

இன்னொரு வாசகர் கேள்வி: அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதிலிருந்து காலையில் எழுந்தால் கிறுகிறுக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: தாமாக நிறுத்தக் கூடாது. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் காட்டினால், அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். அதுவரை விழித்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பிடித்துக்கொண்டு எழட்டும்.

முதல் வாசகரின் அப்பா தோட்டத்துக்குத் திரும்ப முடியுமா என்பதும் வீட்டில் எழும் கேள்வியே. மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறுவதை இனி இளையவர்களிடம் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் மிளகைக் காய வைப்பது, தரம் பிரிப்பது, நாற்றுப் பையில் மண் நிரப்புவது, சமதளத்தில் நடந்து கொடிகளைப் பார்த்து நோய் சொல்வது ஆகியவற்றை மருத்துவர் அனுமதித்ததும் அவரிடமே கொடுக்கலாம். வேலை இருந்தால்தான் அவர் தினமும் எழுந்து நடப்பார்.