காலையில் கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாற்றும் முன் ஒரு கணக்கு போடுங்கள்

சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. நேற்று சாயங்காலம் வரை நன்றாக ஓடிய வண்டி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிவிட்டு ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் காலையும் இதே கதை. மூன்றாம் நாள், “பேட்டரி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் புது பேட்டரியும் படுத்துக் கிடக்கிறது.

இதற்கு நடுவில் யாருமே ஒரு தடவைகூட மீட்டர் வைத்து அளந்து பார்க்கவில்லை. கோளாறே அங்கேதான்.

மூன்றில் எது?

ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி இறங்குவதற்கு அடிப்படையில் மூன்று காரணங்கள்தான். ஒன்று, பேட்டரிக்கே வயதாகி, சார்ஜைப் பிடித்து வைக்கும் திறன் போயிருக்கும். இரண்டு, பேட்டரி நல்லதுதான். ஆனால் வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து போதிய சார்ஜ் ஏறியிருக்காது. மூன்று, வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் உள்ளே ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் அறிகுறி ஒன்றுதான்: செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி போட்டால் முதல் கோளாறு மட்டுமே தீரும். மற்ற இரண்டும் புது பேட்டரியையும் சேர்த்துக் கெடுக்கும். ஈய-அமில பேட்டரி இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால், தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு முழுசாகத் திரும்பாது.

திருவிடைமருதூர் கணக்கு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் சுமார் 9 கிலோமீட்டரில் இருக்கிறது திருவிடைமருதூர். இதுபோன்ற டெல்டா ஊர்களில், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்காக ஊரில் ஒரு கார் விட்டுவைப்பது இப்போது சகஜம். அந்தக் கார் வாரத்தில் ஆறு நாள் வாசலில் நிற்கும். ஒருநாள் டாக்டரைப் பார்க்கவோ கடைக்கோ கும்பகோணம் போய் வரும். பேட்டரிக்கு இதைவிடக் கஷ்டமான வாழ்க்கை கிடையாது.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். தோராயமாகச் சொன்னால், 1 ஆம்பியர் இழுத்தால் 35 மணி நேரம் தாங்கும். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், இன்ஜின் கணினியின் நினைவகம் ஆகியவை விழித்தே இருக்கும். இவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஒரு வாரத்தில் 8.4. இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 17, அதாவது பாதி பேட்டரி காலி.

கும்பகோணம் போய் வர 18 கிலோமீட்டர். ஏசி, ஹெட்லைட், நெரிசலில் நின்று நின்று போவது எல்லாம் போக, அந்த முக்கால் மணி நேரத்தில் திரும்ப ஏறுவது சில ஆம்பியர்-மணிதான். வாரம் முழுக்க இறங்கியதை அது ஈடுகட்டாது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி, வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்ததற்கும் இதே கணக்குதான் காரணம். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இது நடக்கும்.

ஆனால், ஒரே ராத்திரியில் இறங்குகிறது என்றால் விஷயம் வேறு. டிக்கியில் இருக்கும் 5 வாட் பல்பு அணையாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி. சார்ஜ் நிறைந்த, நல்ல நிலையில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி இதைத் தாங்கிவிட்டு காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும். சின்ன பல்பு ஒன்றே ஒரு ராத்திரியில் காரைப் படுக்க வைத்தால், பல்போடு சேர்த்து பேட்டரியையும் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி நல்லது, சார்ஜும் முழுசாக இருந்தது, அப்படியும் விடிவதற்குள் காலி என்றால், உள்ளே 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் பெரிய திருடன் ஒளிந்திருக்கிறான். ‘எத்தனை நாளில் இறங்குது?’ என்ற ஒரு கேள்வியே பாதி நோயைச் சொல்லிவிடும்.

மீட்டர் சொல்லும் மூன்று எண்கள்

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதல் அளவு, ஓய்வில் இருக்கும் வோல்டேஜ். வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் அடிமட்டம். ராத்திரி 12.6 காட்டியது காலையில் 11.8 காட்டினால், நடுவில் சார்ஜ் எங்கேயோ போயிருக்கிறது. அப்போது பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை ஒரு ராத்திரி கழற்றி வைத்துப் பார்க்கலாம். கழற்றிய பிறகும் இறங்கினால் குற்றவாளி பேட்டரி. இறங்காவிட்டால் குற்றவாளி கார்.

இரண்டாவது அளவு, இன்ஜின் ஓடும்போது. பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். இன்ஜின் ஓடியும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். புதிய மாடல் சிலவற்றில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, ஹெட்லைட் போட்டும் அணைத்தும் பார்ப்பது நல்லது. செல்ஃப் அடிக்கும் நொடியில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம் என்று அர்த்தம். ஆனால் முழு சார்ஜ் ஏற்றிய பிறகு செய்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

மூன்றாவது அளவுதான் பெரும்பாலும் யாரும் எடுக்காதது: பூட்டிய கார் இழுக்கும் கரண்ட். மீட்டரை 10 ஆம்பியர் டி.சி. அளவில் வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணைக்க வேண்டும். ஆம்பியர் அளவில் இருக்கும் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துவிடக் கூடாது, ஷார்ட் ஆகிவிடும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. கீ-லெஸ் சாவியைத் தூரத்தில் வைக்க வேண்டும். முக்கியமாக, பொறுமை வேண்டும். இணைத்த உடனே மீட்டர் சில ஆம்பியர் காட்டலாம். காரின் கணினிகள் தூங்கப் போக 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டி நின்றால்தான் கசிவு என்று பொருள்.

திருடனைப் பிடிப்பது எப்படி?

மீட்டரைப் பார்த்தபடியே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த ஃபியூஸைக் கழற்றும்போது கரண்ட் சட்டென்று குறைகிறதோ, திருடன் அந்த லைனில் இருக்கிறான். அந்த லைனில் என்னென்ன இருக்கிறது என்பது ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். எந்த ஃபியூஸுக்கும் குறையவில்லை என்றால், ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகிக் கசிகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முதல் சந்தேகம், ஷோரூமை விட்டு வந்த பிறகு மாட்டிய பொருட்கள் மேல் விழ வேண்டும். வெளியே பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், பார்க்கிங் நேரத்திலும் பதிவு செய்யும் டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், எப்போதும் மின்சாரம் வரும் சாக்கெட்டில் செருகியே கிடக்கும் சார்ஜர். அடுத்து டிக்கி விளக்கும் டேஷ்போர்டு பெட்டி விளக்கும். மூடிய பிறகு அணைகிறதா என்று பார்க்க, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் போதும்.

நெல் விளையும் ஊரில் இன்னொரு சந்தேகமும் உண்டு. அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். நாள்கணக்கில் அசையாமல் நிற்கும் காரின் பானெட்டுக்குள் புகுந்து ஒயரின் மேலுறையைக் கடிக்கும். கடிபட்ட இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் சேர்ந்தால் கசிவுக்கு வழி பிறக்கும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதுவும் சார்ஜ் ஏறுவதைத் தடுக்கும். சோதனைக்கு முன்பே அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

நடு ராத்திரியில் படுத்துவிட்டால்?

ஊரில் கார் வைத்திருப்பதே ஆத்திர அவசரத்துக்குத்தான். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், அசந்த நேரத்தில் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது வண்டி படுத்துவிட்டால், அங்கே பேட்டரி விலையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அந்த நேரத்தில் காரோடு மல்லுக்கட்டாமல் 108-ஐ அழைப்பதே சரி.

மற்ற நேரங்களில் ஜம்பர் கேபிள் உதவும். சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். பிறகு கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை இறங்கிய வண்டியின் இன்ஜின் பகுதியில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகலாம் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும்தான், ஆட்டோமேட்டிக்குக் கிடையாது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு. ஆனால் அவற்றில் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே கூடாது. அந்த வண்டிகளைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே பாதுகாப்பு.

பழைய பேட்டரி எங்கே போகிறது?

தேவையில்லாமல் மாற்றும் ஒவ்வொரு பேட்டரியும் கிலோக்கணக்கில் ஈயத்தையும் அமிலத்தையும் வெளியே அனுப்புகிறது. முறையான ஆலைக்குப் போனால் அந்த ஈயம் திரும்பப் புது பேட்டரியாகும். கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் சேரும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது 80 கோடி குழந்தைகள் வரை, கவலைப்படும் அளவில் ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் அறிக்கை சொன்னது. பேட்டரிகளை முறையின்றி மறுசுழற்சி செய்வதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டிக்காட்டியது. இந்தியாவின் 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைக்கின்றன. எனவே, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைப் புது பேட்டரி விற்கும் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

பில்லில் எழுதச் சொல்லுங்கள்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊசி போட்டால் நாம் ஏற்க மாட்டோம். பேட்டரிக்கு மட்டும் ஏன் வாய்வார்த்தையை நம்ப வேண்டும்? நிறுத்தி வைத்தபோது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட், பூட்டிய பிறகு எத்தனை மில்லி ஆம்பியர் என்ற மூன்று எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. நல்ல மெக்கானிக்குக்கு அது அவமானம் ஆகாது. அவருடைய வேலைக்கு அதுவே சாட்சி. அந்தச் சோதனைக்காக அவர் செலவழிக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்கவும் தயங்கக் கூடாது. புது பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்ன தொகைதான்.

வாரக்கணக்கில் நிற்கப்போகும் காருக்கு வைத்தியம் இன்னும் எளிது. வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும். வாசலிலேயே பத்து நிமிடம் ஆன் செய்து நிறுத்துவது போதாது. அதற்கு ஆள் இல்லை என்றால், தானாகவே அளந்து சார்ஜ் போடும் பராமரிப்பு சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். அதுவும் முடியாது என்றால், ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போகலாம். கடிகாரத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும், சில வண்டிகளில் ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் கேட்கும். ஆனால் அவசரத்துக்குக் கேபிளை மாட்டத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் அப்பாவுக்கு ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போவது அவசியம்.