உலை வைக்கும் முன் ஒரு பிடி

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஒரு புதன்கிழமை. கர்நாடக எல்லையை ஒட்டிய தளி, ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் அதற்கு முந்தைய இரண்டு வாரமும் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. காதலர் தினத்து ரோஜா, தினத்தன்று கிளம்பினால் யாருக்கும் பயனில்லை. மொட்டுப் பருவத்திலேயே வெட்டி, அளவு பார்த்துக் கட்டி, குளிரூட்டிய வண்டியில் ஏற்றி, பெங்களூரு வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பி முடித்திருக்க வேண்டும். அந்த அவசரமெல்லாம் ஓய்ந்த அதே புதன்கிழமைதான் தேவாலயங்களில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாளாகவும் வந்தது. ஒரு பூ நாற்பது ஐம்பது ரூபாய்க்கு விற்ற நாளில், உண்டியும் செலவும் குறைக்கும் நாற்பது நாள் நோன்பு தொடங்கியது.

சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான செய்தி. முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைகளைத் திரும்பக் கொண்டுவந்து எரித்த சாம்பல் அது. சிலுவைக்குப் பின்னால் செருகிவைத்துக் காய்ந்த ஓலையைக்கூடத் திருச்சபை குப்பையில் போடவில்லை.

அந்த நாற்பது நாளைக் கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்பார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் லெந்து என்பார்கள். கத்தோலிக்கச் சட்டப்படி 18 வயது முதல் 59 வரை உள்ளவர்கள் சாம்பல் புதனும் புனித வெள்ளியும் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் அன்று இறைச்சியையும் விலக்க வேண்டும். கோழியும் மட்டனும் ஞாயிற்றுக்கிழமைச் சங்கதியாக மட்டுமே இருந்த வீடுகளில் இந்த விதி பெரிய மாற்றம் எதையும் செய்துவிடவில்லை. தளிப் பக்கத்துச் சமையல் ஆண்டு முழுக்கவே கொஞ்சம் தவக்காலச் சமையல்தான்.

ராகியிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் கொதிக்கும்போது கைப்பிடி நொய்யைப் போட்டு வேகவிட்டு, மேலே ராகி மாவைக் குவித்து, நடுவில் துடுப்பால் குழி போட்டு மூடிவைத்து, பிறகு கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி வைத்தால் களி. தளியில் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழி இருக்கலாம், ஆகவே இதற்கும் மூன்று பெயர் கிடைக்கும். பெயர் எதுவானாலும் இரவு மிஞ்சிய உருண்டை தண்ணீருக்குள் போகும், காலையில் கரைத்து மோரும் உப்பும் சேர்த்தால் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மிஞ்சியது என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை, அது அடுத்த வேளையின் பெயர்.

இதைவிட ஒரு படி மேலே போனது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸாரு. கீரையையும் பருப்பையும் ஒன்றாக வேகவைப்பார்கள். வெந்த நீரை வடித்து, அதில் மிளகாய், பூண்டு, புளி எல்லாம் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தால் களிக்குச் சாறு. வடிந்து நிற்கும் கீரையையும் பருப்பையும் தாளித்தால் தொட்டுக்கொள்ளப் பொரியல். ஒரே அடுப்பு, ஒரே பானை, இரண்டு பதார்த்தம், வடிநீரில் ஒரு சொட்டுகூட வீணில்லை. கீரைக்குக் காசு கொடுத்தவர்களும் குறைவு. ராகிக் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் வரப்போரத்துக் கலவைக்கீரையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தால் போதும். வயலிலும் இதே கணக்குதான்: ராகிக்கு நடுவே சால் விட்டு அவரை, கடுகு, ஆமணக்கு. மழை ஒன்றை ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும். கன்னடத்தில் அதற்கு அக்கடி என்று பெயர். மார்கழி, தையில் அவரை, மாசி, பங்குனியில் புளி. ஆண்டுக்கு வேண்டிய புளியைக் கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து அடைத்துவைக்கும் வேலை பல ஆண்டுகளில் லெந்து நாட்களோடு சேர்ந்தே வந்துவிடும்.

இத்தனையும் சரி. ஆனால் இதில் பக்தி எங்கே இருக்கிறது?

கேள்வி நியாயமானது. கஞ்சனும் களியைக் கரைத்துக் குடிப்பான். இல்லாமையால் வரும் சிக்கனம் ஒன்று, பேராசையால் வரும் சிக்கனம் ஒன்று, அடுப்படியில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் தெரியும். வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்தால் அது சேமிப்பு, நல்ல காரியம், அவ்வளவுதான். வீட்டு வாசலைத் தாண்டி இன்னொருவர் அடுப்புக்குப் போகும்போதுதான் சிக்கனம் விசுவாசத்தின் கணக்கில் ஏறுகிறது.

யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஐந்து அப்பங்களைக் கொண்டுவந்த சிறுவனை எல்லாருக்கும் தெரியும். அவை வாற்கோதுமை அப்பங்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்நாளில் பாலஸ்தீனத்து ஏழைகளின் தானியம் அது. கதை தளியில் நடந்திருந்தால் பையனின் கூடையில் ராகி உருண்டைதான் இருந்திருக்கும். ஐயாயிரம் பேர் சாப்பிட்டு முடித்தபின் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார் இயேசு, பன்னிரண்டு கூடை நிறைந்தது. ஐந்து அப்பத்திலிருந்து உணவு பெருக்கத் தெரிந்தவருக்கு மிச்சத்தைப் பொறுக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டால், நம் பாட்டிகள் அந்தக் கேள்வியையே விசித்திரமாகப் பார்ப்பார்கள். 2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலிலும், சாப்பிடக்கூடிய அளவுக்கு மட்டும் சமைப்பது, பூமியைக் காக்கும் அன்றாடச் செயல்களின் வரிசையில் வருகிறது. 2024இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கணக்குப்படி இந்திய வீடுகளில் ஆண்டுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது. ஆகவே சுற்றுமடல் நமக்கும் சேர்த்துத்தான்.

மிச்சத்தைச் சேர்ப்பது பின்வேலை. அதற்கு முன்வேலை ஒன்று உண்டு. அதுதான் பிடியரிசி.

தென்தமிழ்நாட்டுச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உலையில் போட அரிசியை அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடி தனிக் கலயத்துக்குப் போகும். களைவதற்கு முன்பே, வீட்டில் ஒருவர் வாயில் ஒரு பருக்கையும் படுவதற்கு முன்பே. கலயம் நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும், விற்றோ ஏலம் போட்டோ வரும் காசு ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும். இதன் நுட்பம் அந்த ‘முன்பே’யில் இருக்கிறது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கு மனசு தேவையில்லை, பாத்திரம் கழுவும் அலுப்பே போதும்.

இந்தப் பழக்கத்தைப் பெரிய அளவில் நம்பிய தமிழர் ஒருவர் உண்டு. 1874 ஆகஸ்ட் 17இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில், இந்தியரே போய் ஊழியம் செய்வது என்பது அக்காலத்தில் சின்ன எண்ணமல்ல. 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தபோது வரதட்சிணை வேண்டாம் என்றவர், ஆடம்பரமில்லாமல் கல்யாணத்தை முடித்தவர். 1909இல் தாமே கிளம்பி நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கலுக்குப் போனார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தா பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவருடைய சபையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அடுத்த வேளைக்கே உறுதியில்லாதவர்களிடம் காணிக்கை கேட்பதா என்று யாருக்கும் தோன்றும். அசரியா கேட்டார். ஒரு பிடி தானியம், ஒரு முட்டை, ஒரு கோழி என்று அவர்களிடம் இருந்ததைக் கேட்டார். வாங்கிக்கொண்டே இருப்பவன் தன்னை ஏழை என்றே நினைத்துக்கொண்டிருப்பான், கொடுக்கிறவன் அப்படி நினைக்க மாட்டான் என்பதுதான் அவர் பிடித்த பிடி. தலைமுறை தலைமுறையாகக் கை நீட்டி வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு பெண், முதல் முறையாகக் கை நீட்டிக் கொடுக்கிறாள். அந்தப் பிடி தானியத்தின் விலையைச் சந்தையில் கேட்கக் கூடாது. தோர்ணக்கலில் 1939 ஜனவரி 6இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தில் இந்து, முஸ்லிம் கட்டடக்கலைகளின் சாயல் கலந்திருக்கிறது. இந்தக் கூலிகளின் சபைக்கென எழுந்த கோயில் அது. கொடுப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே எழுதிய அசரியா 1945 ஜனவரி 1இல் மறைந்தார்.

மிசோரத்தில் இதே பழக்கத்துக்கு ‘புஃபாய் தாம்’ என்று பெயர். 1910இல் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்தக் கைப்பிடிகள் சேர்ந்து ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் ஆகின்றன. நம் பக்கத்தில் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பிடியரிசித் திட்டம் ஒன்றை வீடுதோறும் நடத்தச் சொன்னார். ஆகவே கிறிஸ்தவர்கள் இதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட வேண்டியதில்லை. பசி பொது, பிடியும் பொது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்தவர் கையில் ஒரு பிடி அரிசி சுமாராக 40, 50 கிராம் இருக்கும். இரண்டு வேளை எடுத்தால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ. தவக்காலத்து நாற்பது நாளில் நான்கு கிலோ. ஐம்பது குடும்பமுள்ள சின்னப் பங்கில் இருநூறு கிலோ, நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்குப் பல மாதச் சோறு. யாரும் பட்டினி கிடக்கவில்லை, யாரும் பெயர் எழுதிய உறை போடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிடி யார் தட்டிலிருந்து குறைகிறது? பானை எல்லாருடையது என்றாலும் கடைசியாகச் சாப்பிடுவது பெரும்பாலும் சமைத்தவர்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு பிரசங்க பீடத்திலிருந்து பெண்களுக்கு உபவாசமும் சிக்கனமும் போதிப்பது அபத்தம். லெந்து நாட்களில் விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் வீட்டு ஆண்களின் சிகரெட்டும், ஓசூர் டவுனில் முடியும் வெள்ளிக்கிழமை ராத்திரிகளும் முதலில் வரட்டும். பிடியரிசி குடும்பத்தின் கொடையாக இருக்க வேண்டும் என்றால், கலயத்தில் போடும் கையும் முறை வைத்து மாற வேண்டும். ஒரு நாள் அப்பா, ஒரு நாள் மகன்.

அவர்களுக்குச் சமையலறை அந்நியம் என்றால் சகோதரர் லாரன்சைச் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் காயம்பட்டுத் திரும்பிய ஒரு போர்வீரர், பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் சமையல் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்ததும் இல்லை. ஆனாலும் ஆலயத்தில் முழங்காலில் நிற்பதற்கும் அடுப்படியில் நிற்பதற்கும் தமக்கு வேறுபாடு தெரியவில்லை என்ற நிலைக்கு வந்துசேர்ந்தார்.

தளி அடுப்படிகளும் மாறியிருக்கின்றன. ஓசூரில் 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும், பின்னாலேயே டைட்டனும் வந்தபிறகு தளிப் பக்கத்து இளைஞர்களின் சாப்பாட்டு நேரத்தை ஷிப்ட் முடிவுசெய்கிறது. பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர் கேன்டீனில் சோறு சாப்பிடுகிறார், ராத்திரி ஷிப்டில் பரோட்டா. களி, அம்மா ஊரில் இருக்கும்போது மட்டும். மறுபக்கம் 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபின் ராகி, பெங்களூரு கடைகளில் பிஸ்கட்டாகப் புது விலையில் உட்கார்ந்திருக்கிறது. அதே ஆண்டு தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. 2025-26க்கு ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஏழைத் தானியம் என்று இனிச் சொல்ல முடியாது.

ஆகவே தளிக்காரர்கள் பிடியரிசியை அரிசியாகவே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. களிக்கு மாவு அரைக்கப் போகும் நாளில் ராகியிலிருந்து ஒரு படி எடுத்துவைத்தாலும் போதும். கலயம் இல்லாத வீட்டில் மூடி போட்ட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் செய்யும். அரிசி என்றால் மாதம் ஒரு முறையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், வண்டு வந்துவிடும். ராகிக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.