பீரங்கிக்குள் நிற்க ஓர் இடம்

தமிழ்ச் சங்க மலரில் பீரங்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம்மில் பொறியியல் பயில்வோர் பலர் நாளை ஏதோவோர் இயந்திரத்தை வரையப் போகிறவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் இராணுவம் நெடுங்காலம் வாகனங்கள் இழுத்துச் செல்லும் பீரங்கிகளையே நம்பியிருந்தது. அவற்றை நிறுத்தி, கால்களை விரித்து, சுட்டுவிட்டு மீண்டும் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். சுட்டவுடன் நகர வேண்டும் என்ற தேவையால் 1996-இல் தானியங்கிப் பீரங்கித் திட்டம் தொடங்கியது. வெளிநாட்டில் வாங்கலாமே என்றால், ஜெர்மனியின் பான்சர்ஹாபிட்ஸ 2000 ஏறத்தாழ 55 டன். சிங்கப்பூரின் சாலைகளும் பாலங்களும் அதற்கு ஏற்றவையல்ல. எனவே சொந்தமாகவே 'பிரைமஸ்' என்ற பீரங்கியை உருவாக்கினார்கள். எடை சுமார் 28 டன், அகலம் 3 மீட்டர், 155 மில்லிமீட்டர் குழாய், 30 கிலோமீட்டர் வரை பாயும் குண்டு. குண்டை இயந்திரமே உள்ளே தள்ளிவிடுவதால் நால்வர் போதும். ஒரு சிறிய நாட்டுக்கு இது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை.

30 கிலோமீட்டர் பாயும் குண்டை, கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டரே உள்ள தீவில் சுட்டுப் பழக முடியுமா? அதனால்தான் பயிற்சி நியூசிலாந்தின் வையூருவுக்குப் போனது. அங்கே 2019 ஜனவரி 19-ஆம் நாள், போர்க்காலப் படைவீரராகச் சென்றிருந்த நடிகர் அலோஷியஸ் பாங் பழுதுபார்ப்பதற்காகப் பீரங்கிக்குள் இருந்தார். வயது 28. குழாயைக் கீழிறக்கியபோது அதன் பின்முனைக்கும் உட்சுவருக்கும் இடையே சிக்கிக்கொண்டார். சில நாள்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

உள்ளே இருந்தவர்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கவில்லை என்றும், அவசர நிறுத்தப் பொத்தான்கள் இருந்தும் பதற்றத்தில் யாரும் அழுத்தவில்லை என்றும் விசாரணைக் குழு கண்டறிந்தது. பயிற்சியின் வேகம் குறைக்கப்பட்டது, பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அலுவலகமும் அமைந்தது. நல்ல நடவடிக்கைகள்தாம். ஆனால் 'விதியைப் பின்பற்றியிருந்தால் பிழைத்திருப்பார்' என்று சொல்லி முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கனத்த இரும்பு தன்னை நோக்கி வரும்போது மனிதன் பதறத்தான் செய்வான். பதறாத மனிதனுக்காக இயந்திரம் செய்தால் அதை யார் ஓட்டுவது?

பாலம் எவ்வளவு தாங்கும், சாலை எவ்வளவு அகலம் என்று முதலிலேயே கணக்குப் பார்க்கிறோம். பழுதுபார்ப்பவர் எங்கே நிற்பார், அவர் அங்கே நிற்கும்போது குழாய் அசைய முடியுமா என்ற கணக்கும் அதே நாளில் போடப்பட வேண்டும் என்பதே என் கருத்து. இது பீரங்கிக்கு மட்டுமன்று. செம்பனை ஆலைக்கும் மின்தூக்கிக்கும் பொருந்தும்.

இறுதியாண்டுத் திட்டங்களில் வேகத்துக்கும் செலவுக்கும் மதிப்பெண் உண்டு. பழுதுபார்ப்பவரைப் பற்றிக் கேள்வியே வருவதில்லை. விரிவுரையாளர் கேட்காவிட்டாலும், அடுத்த முறை வரைபடம் வரையும்போது ஓர் ஆளின் உருவத்தையும் உள்ளே வரைந்து பாருங்கள். முழங்கை எங்கே இடிக்கிறது என்பது அப்போது தெரியும்.