பசித்திருத்தலும் பசி தீர்த்தலும்

உபவாசம் என்னும் சொல் வடமொழியினின்று நம் மொழியுட் புகுந்தது. அதனைப் பிரித்து நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். 'உப' என்பது அருகு எனவும், 'வாசம்' என்பது உறைதல் எனவும் பொருள்படும். ஆகவே உபவாசமாவது அருகில் உறைதல். சோற்றைப் பற்றியாவது வயிற்றைப் பற்றியாவது அச்சொல்லுள் ஒரு குறிப்பும் இல்லை. நோன்பு என்னும் தமிழ்ச் சொல்லோ, பொறுத்தல் என்னும் பொருளுடைய நோன்றல் என்பதனோடு உறவுடையது. கத்தோலிக்க நண்பர்கள் வழங்கும் ஒருசந்தி என்பது நாளுக்கு ஒருவேளை உண்டலைக் குறிக்கும். இம்மூன்றனுள் ஒன்று அருகிருத்தலையும், மற்றொன்று பொறுத்தலையும், பிறிதொன்று குறைத்து உண்டலையும் உணர்த்துவன. இவற்றுள் அருகிருத்தலே ஏனை இரண்டற்கும் பயன் என்பது எம் துணிபு. குறைத்து உண்டலும் பசி பொறுத்தலும் ஒருவனைக் கடவுளின் அருகே கொண்டு சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடின் அவை வெறும் பட்டினியே. சேர்க்கும் வழி யாது என்பதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்களில் வாழும் கிறிஸ்தவர்க்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் புதியதன்று. 1964ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர்ப் பல மாவட்டங்களினின்றும் பிழைப்பு நாடி வந்தோர் இப்பக்கங்களில் குடியேறினர். அவர்களோடு அவர்தம் ஜெபமும் பாட்டும் குடியேறின. வெள்ளிதோறும் பெண்மக்கள் வீட்டு வேலையை விரைந்து முடித்து ஆலயம் புகுவர். இரவுப்பணி முடிந்து தொழிற்சாலையினின்று நேரே வந்து அமர்வாரும் உளர். இவ்வழக்கின் பழமை பெரிது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை எனப்படும் 'டிடாக்கே' என்னும் கிரேக்க நூல் சபையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. நெடுங்காலம் மறைந்து கிடந்த அதனைப் பிரியென்னியோஸ் என்னும் பேராயர் 1873இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கண்டெடுத்து 1883இல் அச்சேற்றினார். புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் நோன்பிருக்குமாறு அந்நூல் கட்டளையிடுகின்றது. அம்பத்தூரில் ஓட்டுக்கொட்டகையின் கீழ் அமர்ந்து ஜெபிக்கும் ஏழைத் தாயொருத்தி, தான் அறியாமலே ஆதித் திருச்சபையின் வழக்கைக் காத்து வருகின்றாள்.

யாமும் சென்ற லெந்து நாட்களில் ஒரு வெள்ளியன்று உபவாசம் இருந்தோம். தேர்வு அணித்தாயிருந்தது. எம் வேண்டுதல் இன்னதென மறைப்பானேன்? இலக்கணத் தாளில் நல்ல மதிப்பெண் பெறல் வேண்டும் என்பதே அது. காலையுணவையும் நண்பகலுணவையும் விலக்கினோம். நண்பகலுணவிற்கென அன்னையார் தந்த பணம் சட்டைப்பையில் அவ்வாறே இருந்தது. அதனைக்கொண்டு ஒரு பழைய உரைநூல் வாங்கவும் எண்ணியிருந்தோம். இடைவேளையில் ஆலய முற்றத்தில் நின்றபொழுது, அங்குப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர் எம்மை நோக்கி, "சாப்பிட்டாயா, தம்பி?" என்றார். "இல்லை பாட்டி, இன்றைக்கு உபவாசம்" என்றோம். அவ்விடையிற் சிறிது பெருமிதமும் கலந்திருந்தது. அவர் துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டு, "நானும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, தம்பி. ஆனால் அதற்கு உபவாசம் என்று பேர் வைக்கவில்லை" என்றார். அவர் குறைகூறவும் இல்லை. எதுவும் கேட்கவும் இல்லை. எம் கை சட்டைப்பையினுட் சென்றது. அதற்குள் மணி ஒலித்தது. உள்ளே சென்று முழந்தாளிட்டோம். பணம் பையிலேயே இருந்தது. அன்று பிற்பகல் முழுதும் எத்துணை முயன்றும் எம் ஜெபம் மேலெழவில்லை.

அன்று தொட்டு எம் உள்ளத்தை வருத்திய வினா இது: இருவரும் உண்ணாதிருந்தோம், கடவுளின் அருகில் இருந்தவர் யார்?

நம்மவருள் பலர், யாம் உட்பட, உபவாசத்தைக் கடவுளின் வாயிலில் நிகழ்த்தும் ஒருவகைப் போராட்டமாகக் கருதிவிட்டோம். உண்ணாதிருந்து உரிமை கேட்டல் மனிதரிடையே உண்டு. தனி ஆந்திர மாநிலம் வேண்டி 1952ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் பூண்டு, அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். அதன்பின் அரசு இணங்கிற்று. அரசு கேளாத செவியுடையதாதலின் அம்முறை அங்கு வேண்டப்பட்டது போலும். நம் பழந்தமிழகத்தில் வடக்கிருத்தல் என்பதும் உண்டு. கோப்பெருஞ்சோழன் மக்களோடு கொண்ட பகையால் மனம் நொந்து வடக்கிருந்து உயிர் துறந்தான். அவனை நேரிற் கண்டறியாத பிசிராந்தையாரும் நட்பின் பொருட்டு வந்து உடன் இருந்தார். முன்னது உரிமை பற்றியது. பின்னது மானம் பற்றியும் நட்புப் பற்றியும் எழுந்தது. கிறிஸ்தவ உபவாசமோ இவ்விரண்டனுள் எதுவும் அன்று. கேளாமுன்னரே நம் தேவையை அறிந்த தந்தையின் முன் போராட்டம் எதற்கு? நாம் பசித்திருப்பது அவர் மனத்தைத் திருப்புதற்கன்று. நம் மனம் அவர்பால் திரும்புதற்கே.

அவர் மனம் எங்குளது என்பதனை ஏசாயா தீர்க்கதரிசி தம் நூலின் 58ஆம் அதிகாரத்தில் ஐயமின்றிக் கூறியுள்ளார். உபவாசித்தும் பயன் காணோமே என முறையிட்ட மக்களுக்கு, நீங்கள் உபவாச நாளிலும் வேலையாட்களை ஒடுக்குகின்றீர்கள் என்னும் மறுமொழியே கிடைத்தது. நுகத்தடியை முறித்தலும், பசித்தவனுக்கு உணவைப் பகிர்தலும், வீடற்றவனை வீட்டிற் சேர்த்தலுமே தமக்கு உகந்த உபவாசம் எனக் கர்த்தர் அங்குக் கூறுகின்றார். நம் ஆண்டவரின் வாழ்வும் அதற்குச் சான்று. நாற்பது நாள் உண்ணாதிருந்து பசியுற்ற அவர், கல்லை அப்பமாக்கித் தம் பசியைத் தீர்க்க மறுத்தார். பின்னர் ஐயாயிரவர் வனாந்தரத்தில் பசித்திருக்கக் கண்டபொழுதோ அவர்களை வெறுமையாய் அனுப்ப அவர் உள்ளம் ஒருப்படவில்லை. ஐந்து அப்பத்தைக்கொண்டு அனைவரையும் உண்பித்தார். தம் பசியைப் பொறுத்தவர் பிறர் பசியைப் பொறுக்கவில்லை. உபவாசத்தின் சாரம் முழுவதும் இவ்விரு நிகழ்ச்சிகளினிடையே அடங்கிக் கிடக்கின்றது.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்தில் திருவள்ளுவர் நினைவு எழாதிருத்தல் அரிது. அவர் தவத்திற்குத் துறவறவியலில் ஓர் அதிகாரம் வகுத்து அதன் பெருமையைப் பேசினார். ஆயினும் இல்லறவியலில் ஈகையைக் கூறுமிடத்து, பசியைப் பொறுக்கும் தவத்தினரின் வலிமை, பிறர் பசியை மாற்றுவாரின் வலிமைக்குப் பிற்பட்டதே எனத் தெளிவுற வரையறுத்தார். ஏசாயா எபிரேய நாட்டினர்; வள்ளுவர் நம் நாட்டினர். காலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இருவரும் ஒரே துலாக்கோலைக் கையிற் பிடித்திருத்தல் காண்க.

ஆதித் திருச்சபையார் இவ்வுண்மையைச் சொல்லளவில் நிறுத்தவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'எர்மாவின் மேய்ப்பன்' என்னும் நூல் உபவாசிக்கும் முறையை வகுக்கின்றது. உபவாச நாளில் அப்பமும் நீருமே கொள்க. அன்று உண்ணவிருந்த உணவின் விலையைக் கணக்கிடுக. அத்தொகையைக் கைம்பெண்ணுக்காவது திக்கற்ற பிள்ளைக்காவது வறியவர்க்காவது ஈக என்பதே அம்முறை. அதே நூற்றாண்டில் அரிஸ்தீதெஸ் என்னும் ஏதென்ஸ் நகரத்து அறிஞர் கிறிஸ்தவரின் ஒழுக்கத்தை உரோமப் பேரரசனுக்கு எடுத்துரைத்தபொழுது, தம்முள் வறியவனுக்குக் கொடுக்க உணவில்லையெனின் அவர்கள் இரண்டு மூன்று நாள் தாம் உண்ணாதிருந்து அவனுக்கு உணவளிப்பர் என்று எழுதினார். நம் நாட்டுத் திருச்சபைகளில் வழங்கும் பிடி அரிசிக் காணிக்கையும் இவ்வினத்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் தாய், அடுப்பங்கரையையே ஜெப அறையாக்கிவிடுகின்றாள். மிசோரம் நாட்டுத் திருச்சபை நூறாண்டிற்கு மேலாக இம்முறையால் ஊழியங்களைத் தாங்கி வருதல் பலரும் அறிந்தது.

இன்னும் அணிமையில் உள்ளதொன்றைக் கூறுதும். பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே, பரங்கிமலைக்கு அப்பால் பல்லாவரம் குன்று உளது. பஞ்சாபில் சீக்கியக் குடியிற் பிறந்து, மேல்நாட்டில் பொறியியல் பயின்று, ஆண்டுக் கிறிஸ்துவை அறிந்து மீண்ட பக்த்சிங், 1941ஆம் ஆண்டில் உடன் ஊழியர் சிலருடன் அக்குன்றின்மேல் ஓர் இரவு முழுதும் ஜெபத்தில் தரித்திருந்தார். அவ்விரவின் பயனாகச் சென்னையில் ஒரு சபை தோன்றிற்று. பின்னர் நாடெங்கும் பல தோன்றின. அச்சபைகள் நடத்திய பெருங்கூட்டங்களில் வந்தோர் அனைவரும் ஒருங்கமர்ந்து உண்ணும் அன்பின் விருந்து வழக்கமாயிற்று. குன்றின்மேல் தொடங்கிய ஜெபம் சமமான பந்தியில் வந்து முடிந்தமை நோக்கத்தக்கது. ஒன்றாய்ப் பசித்திருத்தல் எளிது. பசிக்குச் சாதி தெரியாது. ஒன்றாய் உண்ணலே நம் நாட்டில் அரிதாயிருந்தது. அவ்வரிய செயலுக்கு அடிகோலாத ஜெபத்தை எங்ஙனம் கடவுளுக்கு அணிமையது என்போம்?

சாது சுந்தர்சிங் வரலாறும் ஒரு பாடம் தருகின்றது. ஆண்டவரைப் போல் நாற்பது நாள் உபவாசிக்க 1913இல் வடநாட்டுக் காடொன்றிற் புகுந்த அவர், உடல் தளர்ந்து கிடந்த நிலையில் பிறரால் கண்டெடுக்கப்பட்டு உயிர் தப்பினார். கடவுளை நாடித் தனியே சென்றவரையும் உடன்பிறந்த மனிதரின் கைகளே தாங்கின.

இனி நண்பருள் ஒருவர் வினவக்கூடும்: "அங்ஙனமாயின் உண்டுவிட்டே கொடுக்கலாமே; பசித்திருத்தல் எற்றுக்கு? ஜெபத்தைத் தருமமாக மாற்றிவிடுகின்றீரே" என்று. இவ்வினா நன்று. உண்டு நிறைந்தவன் கொடுப்பது கையினின்று வருவது. பசித்தவன் கொடுப்பது உடம்பினின்றே வருவது. பிற்பகல் மூன்று மணிக்குத் தலை கிறுகிறுத்து, எழுத்துக்கள் கண்முன் மங்கும்பொழுது, நாள்தோறும் இந்நிலையில் வேலை செய்வாரின் துயரை நூலறிவால் அன்றி நரம்பால் அறிகின்றோம். அவ்வறிவு பிறந்த பின்னர் நாம் செய்யும் ஜெபம் வேறு. தன் பொருட்டு ஒன்று வேண்டியவன் பிறர் பொருட்டு வேண்டத் தொடங்குவான். வேண்டுதல் குறைந்து காத்திருத்தல் மிகும். அங்கே, அக்காத்திருத்தலில், உபவாசம் தன் சொற்பொருளை எய்துகின்றது. ஜெபமில்லாத ஈகை செருக்கில் முடியும். ஈகையில்லாத ஜெபம் வறட்சியில் முடியும். எம் வறட்சியை யாமே அறிவோம்.

பிறிதொன்றும் கூறல் வேண்டும். உபவாசிப்பவன் தலைக்கு எண்ணெயிட்டு முகம் கழுவுக என ஆண்டவர் பணித்தது விளம்பரத்தை விலக்குதற்பொருட்டு. இன்று எத்தனை நாள் இருந்தோம் எனப் புகைப்படத்தோடு கைப்பேசியில் அறிவிப்பார் சிலரைக் காண்கின்றோம். மூதாட்டியாரிடம் பெருமிதத்தோடு விடை கூறிய எமக்கு அவர்களைக் குறைகூறும் தகுதி இல்லை. மேலும், நோயுற்றார்க்கும் கருவுற்றார்க்கும் மருந்துண்பார்க்கும் உண்ணாதிருத்தல் கடமையன்று. அவர்கள் வேறு ஏதேனும் ஒன்றை விலக்கி அருகிருக்கலாம்.

எம் கல்லூரி மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். ஆவடியினின்றும் பூந்தமல்லியினின்றும் நாள்தோறும் வந்து பயிலும் நம் தோழருள், நண்பகலில் "பசியில்லை" என்று கூறி நூலகத்தில் அமர்ந்துவிடுவார் சிலர் உளர். அவர்க்குப் பசி உண்டு, பணமே இல்லை. வெள்ளியன்று உபவாசம் இருப்போர் ஒருவேளை உணவின் விலையைச் சிற்றாலயத்தின் வாயிலில் உள்ள பெட்டியொன்றில் பெயர் குறியாது இடலாகாதா? அதனைக்கொண்டு, பெறுவோர் பெயரும் வெளிப்படாதவாறு, அத்தோழர்க்கு உணவுச்சீட்டு வழங்க ஆசிரியப் பெருமக்கள் ஏற்பாடு செய்யலாகாதா? தருபவனும் அறியான், பெறுபவனும் அறியான்; அந்தரங்கத்தில் காணும் பிதா ஒருவரே அறிவார். பழைய மாணவர்களும் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

அடுத்த வெள்ளியன்று யாம் அப்பணத்தோடு ஆலயஞ் சென்று அம்மூதாட்டியாரைத் தேடினோம். அவர் வேறிடத்திற்கு வேலைக்குச் சென்றுவிட்டார் என்றனர். எவ்விடம் என்பது ஒருவர்க்கும் தெரிந்திலது. உரைநூலை யாம் வாங்கவில்லை. அத்தொகை ஓர் உறையில் இடப்பட்டு எம் வேதபுத்தகத்துள் இருக்கின்றது. பெட்டி வைக்கப்படுமாயின் முதற்கண் அதனுள் விழுவது அதுவேயாகும். அது காணிக்கையன்று, கடன்.