சிறு பக்கற்றும் குடாநாட்டின் பெருஞ்சுமையும்

இருபது மில்லிலீற்றருக்கும் இருபது கிராமுக்கும் மேற்படாத பொருள்களைச் சிறு பிளாஸ்டிக் பக்கற்றுகளில் அடைத்து விற்பது 2021 மார்ச் 31 ஆம் திகதி முதல் இலங்கையில் தடை செய்யப்பட்டது. ஆனால், தடையை விதித்த வர்த்தமானி அறிவித்தலே உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு அளித்திருந்தது. மருந்துக்கான விலக்கின் நியாயம் எவருக்கும் விளங்கும். உணவுக்கான விலக்கின் விளைவை அறிய வேண்டுமாயின், யாழ். குடாநாட்டின் எந்தவொரு பெட்டிக்கடையின் முன்னாலும் சற்று நின்று பார்த்தாலே போதும். மிக்சரும் முறுக்கும் கச்சானும் மரவள்ளிச் சிப்ஸும் சிறு பக்கற்றுகளிலே தோரணமாகத் தொங்குகின்றன. தின்று முடிக்கச் சில நிமிடங்கள் செல்லும். எஞ்சும் உறையோ நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் மண்ணிற் கிடக்கும்.

இதனை ஊருக்கு ஊர் உள்ள குப்பைப் பிரச்சினைகளுள் ஒன்றெனக் கருதி ஒதுக்கிவிடுவதற்கில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. கிணறுகள் அதனையே நம்பியிருக்கின்றன. நிலத்தின் மேல் நாம் கொட்டுவதை வடிகட்டித் தடுக்கும் தடிப்பான மண்படை பல இடங்களில் இல்லை. பாறையினூடாக மழைநீர் செல்லும் வழியிலேயே கழிவும் செல்லும். சுன்னாகம் மின்நிலைய வளாகத்தின் எண்ணெய்க் கழிவு வலிகாமத்துக் கிணறுகளிற் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதையும், 2019 ஏப்ரலில் அந்நீதிமன்றம் தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்ததையும் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். யாழ். மாநகரின் குப்பை சென்று சேரும் கல்லுண்டாய் வெளியில் மூளும் தீயும் அதிலிருந்து எழும் புகையும் அயற்கிராம மக்களுக்குப் பழகிப்போன துன்பங்களாகி விட்டன. இத்தகைய நிலத்தில் இயங்கும் ஒரு சிற்றுண்டி உற்பத்தியாளர் சுற்றாடலைப் பேணுவது, தமது வாடிக்கையாளரின் கிணற்றைப் பேணுவதற்குச் சமமாகும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். குடாநாட்டின் சிற்றுண்டி உற்பத்தியாளருட் பெரும்பாலானோர் வீட்டு அடுப்படியையே தொழிற்கூடமாகக் கொண்டவர்கள். போரிற் குடும்பத் தலைவரை இழந்த பெண்களும், 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின்னர் மீண்டுவந்து வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய முஸ்லிம் குடும்பத்தினரும் அவர்களுள் அடங்குவர். ஆகவே, குற்றவாளிக் கூண்டில் இவர்களை நிறுத்துவது எமது நோக்கமன்று. அவர்கள் வாங்கக்கூடிய விலையிற் சந்தையிலே கிடைக்கும் உறை எதுவோ அதனையே அவர்கள் வாங்குகின்றனர்.

உறையைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூறுவது அவசியமாகின்றது. பளபளப்பான சிப்ஸ் உறை ஒரே பொருளால் ஆனதன்று. வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் ஏடுகளும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டே அது உருவாகின்றது. ஈரப்பதனும் ஒளியும் ஒட்சிசனும் உட்புகாது தடுப்பதே அதன் பணி. உப்புக்காற்று வீசும் எமது பகுதியில் முறுக்கு ஒரே நாளில் நமுத்துப்போகும் என்பதால், அப்பணியை அற்பமானதெனக் கூறமுடியாது. ஆயினும், ஒட்டிய ஏடுகளை மீண்டும் பிரித்தெடுப்பது மிகவும் கடினமானதும் செலவு மிக்கதுமாகும். அதனாலேயே வெற்றுப் போத்தலையும் பழைய இரும்பையும் தேடி வாசலுக்கு வரும் வியாபாரி இந்த உறையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. விலைபோகாத கழிவு எரிக்கப்படும். அல்லது வாய்க்கால் வழியே கடல்நீரேரியைச் சென்றடையும்.

பெருநிறுவனங்களே இதிற் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் ‘சண் சிப்ஸ்’ 2010 இல் மக்கிப்போகும் உறையொன்றை அறிமுகப்படுத்தியது. கையில் எடுத்தாலே அது எழுப்பிய பேரிரைச்சலைப் பாவனையாளர் சகிக்காமையால், அதே ஆண்டிலேயே பெரும்பாலான வகைகளுக்கு அந்த உறை கைவிடப்பட்டது. பிரித்தானியாவில் 2018 செப்ரெம்பரில் மக்கள் வெற்று உறைகளைத் தபாற்பெட்டிகளிலிட்டு ‘வோக்கர்ஸ்’ நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பத் தொடங்கினர். அந்த ஆண்டு டிசெம்பரில் வெற்று உறைகளைச் சேகரிக்கும் திட்டமொன்றை அந்நிறுவனம் ஆரம்பிக்க நேர்ந்தது.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடியிலும் அதே 2018 இல் சுப்பையா வித்தியாலயம் பெண்கள் பாடசாலை மாணவியர் இரண்டே வாரங்களில் 20,000 இற்கும் மேற்பட்ட தின்பண்ட உறைகளைச் சேகரித்து, சுற்றாடலுக்கு உகந்த உறைகளுக்கு மாறுமாறு உற்பத்தியாளரைக் கோரினர். தமிழகத்தில் 2019 ஜனவரியில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தடை நடைமுறைக்கு வந்தபோது, தொழிற்சாலைகளில் அடைக்கப்படும் பொதிகளுக்கு இங்குள்ளதைப் போன்றே விலக்களிக்கப்பட்டிருந்தது. 2020 ஜூன் 5 ஆம் திகதி அந்த விலக்கு நீக்கப்பட்டது. அதன் பின்னரும் கடைகளிலிருந்து உறைகள் மறைந்துவிடவில்லை என்பதும் உண்மையே. மாற்று வழியொன்றைக் கையிற் கொடுக்காத தடை கடதாசியிலேயே தங்கிவிடும் என்பதுதான் இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம்.

அவ்வாறாயின், எமது சிறு உற்பத்தியாளர் செய்யக்கூடியவை எவை? முதலாவதாக, பல ஏடுகள் ஒட்டிய உறையைத் தவிர்த்து, ஒரேவகைப் பிளாஸ்டிக்கினாலான உறைக்கு மாறலாம். அதில் பண்டம் காக்கப்படும் காலம் சற்றுக் குறையக்கூடும். ஆனால், காலையிற் பொரித்து மாலைக்குள் அயற்கடைகளுக்குக் கொடுக்கும் பண்டத்துக்கு ஆறுமாத ஆயுள் எதற்கு? இரண்டாவதாக, பத்துச் சிறு பக்கற்றுகளுக்குப் பதிலாக ஒரு பெரிய பொதியாக விற்றால் உறையின் அளவும் செலவும் ஒருங்கே குறையும். மூன்றாவதாக, தகரப் பேணியிலும் கண்ணாடிப் போத்தலிலும் பண்டத்தை வைத்து நிறுத்துக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்குக் கடைக்காரருடன் பேசி மீளலாம். ஆனால், அச்சு மை உணவிற் படிவது தீங்கானதாகையால், எம்மைப் போன்றோர் அச்சிடும் பத்திரிகைத் தாளிற் சுற்றிக் கொடுப்பதைத் தவிர்த்து வெற்றுத்தாளையே பயன்படுத்த வேண்டும்.

பனையோலையை இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. பனங்கட்டியைக் குட்டானில் அடைத்த எமது முன்னோர், பொதியும் பண்டமும் ஒரே மரத்திலிருந்து கிடைக்கும் முறையொன்றை வகுத்திருந்தனர். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்ட போதிலும், ஓலைப் பொதி அன்பளிப்புப் பொருள் என்ற நிலையைத் தாண்டி அன்றாடச் சந்தைக்குள் இன்னமும் பரவலாக நுழையவில்லை. மொறுமொறுப்பான பண்டங்களுக்கு ஓலை உதவாது. ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, எள்ளுருண்டை போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். ஓலை பின்னும் பெண்களுக்கு அது வருமானமும் தரும்.

உறைக்கு அடுத்ததாக வருவது எண்ணெய். பாம் எண்ணெய் மலிவானது. நீண்டநேரச் சூட்டைத் தாங்கக்கூடியது. ஆனால், உலகின் பாம் எண்ணெயிற் பெரும்பகுதியை விளைவிக்கும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அதற்காகப் பெருமளவு காடுகள் அழிக்கப்பட்டுள்ளன. 2021 ஏப்ரலில் அன்றைய அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்ததும், உற்பத்தியாளரின் எதிர்ப்பின் பின்னர் அனுமதிப்பத்திர முறைக்கு இறங்கிவந்ததும் தெரிந்ததே. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா தனது ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியபோது, தொலைதூர எண்ணெயை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை உலகமே உணர்ந்தது. பண்டம் முழுவதையும் தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ பொரிக்குமாறு கூறுவது விலையறியாத உபதேசமாகிவிடும். ஆயினும், அவித்தும் வறுத்தும் செய்யப்படும் பண்டங்களின் பங்கைக் கூட்டினால் எண்ணெயின் தேவை தானாகவே குறையும்.

பாவித்து முடித்த எண்ணெயே இதைவிடப் பாரதூரமானது. அதனை மலிவு விலையில் வேறு சமையற்காரருக்கு விற்பது உண்பவரின் உடல்நலத்துக்குக் கேடு. வளவில் ஊற்றுவது கிணற்றுக்குக் கேடு. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, 2018 இல் பொரித்த எண்ணெயின் பழுதுக்கு எல்லையொன்றை வகுத்ததோடு, அதனைச் சேகரித்து உயிரி டீசலாக மாற்றும் திட்டத்தையும் தொடங்கியது. குடாநாட்டின் அளவுக்கு அத்துணை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை உற்பத்தியாளரிடமிருந்து எண்ணெயைச் சேகரித்துச் சவர்க்காரம் செய்வோருக்குக் கொடுக்கும் ஒழுங்கே போதுமானது. மரவள்ளித் தோலும் அவ்வாறே வீணாக வேண்டியதில்லை. பச்சையாக ஆட்டுக்குக் கொடுத்தால் நஞ்சாகக்கூடிய அத்தோல், நன்கு வெயிலிற் காயவைக்கப்பட்டால் தீவனமாகும். குவித்து மக்கவிட்டால் பசளையாகும்.

2022 இன் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வெளியே வீணாகின்றது. இலங்கையிலேயே வடிவமைக்கப்பட்ட ‘அனகி’ போன்ற மூடிய மண் அடுப்புகள் விறகை மிச்சப்படுத்துவதுடன், அடுப்படியில் நிற்கும் பெண் சுவாசிக்கும் புகையையும் குறைக்கின்றன. பொரிக்கும் தாச்சிக்கு ஏற்றவாறு அதே முறையிற் பெரிய அடுப்புகளை அமைப்பதற்கு உதவி தேவை.

இவை அனைத்தையும் தனியொரு குடும்பத்தின் தலையிற் சுமத்திவிட்டு உபதேசம் செய்துகொண்டிருப்பது நீதியாகாது. குறைந்தளவில் மாசு ஏற்படுத்தும் கைத்தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி சபைகளிடம் உள்ளது. உரிமக் கட்டணத்தை அறவிடுவதோடு சபைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. எண்ணெயைச் சேகரிக்கும் ஒழுங்கையும் உறைகளைத் தரம்பிரித்துப் பெறும் நிலையங்களையும் சபைகளே முன்னின்று அமைக்க வேண்டும். ஒரேவகைப் பிளாஸ்டிக் உறையை மொத்தமாகக் கொள்வனவு செய்தால் அதன் விலை குறையும். கூட்டுறவுச் சங்கங்களும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையும் ஒன்றிணைந்தால் அச்சுவேலி கைத்தொழிற்பேட்டையில் பொதுவான பொதியிடல் நிலையமொன்றை அமைப்பது இயலாத காரியமன்று.

வெளிநாட்டுச் சந்தையும் இதனை வற்புறுத்துகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பெப்ரவரியில் அமுலுக்கு வந்த பொதியிடற் சட்டம், 2030 ஆம் ஆண்டளவில் அச்சந்தைக்கு வரும் பொதிகள் யாவும் மீள்சுழற்சிக்கு உகந்தனவாயிருக்க வேண்டுமென விதிக்கின்றது. பாரிஸிலும் பெர்லினிலும் உள்ள எமது உறவுகளின் கடைகளுக்குச் செல்லும் ஒடியலும் மிக்சரும் அச்சட்டத்துக்கு உட்பட்டவையே. இன்று தயாராகாத உற்பத்தியாளருக்கு நாளை அந்தக் கதவு மூடப்படலாம்.

அரசாங்கத்திடம் நாம் கோருவது, உணவுச் சிறு பக்கற்றுகளுக்கான விலக்கை மீள்பரிசீலனை செய்யவேண்டும் என்பதையே. எனினும், 2021 இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்து, சில மாதங்களிலேயே பின்வாங்கிய அனுபவம் மீண்டும் நிகழக்கூடாது. கால எல்லை முன்கூட்டியே அறிவிக்கப்படவேண்டும். மாற்று உறை சந்தைக்கு வந்த பின்னரே தடை வரவேண்டும். முதலில் பெருநிறுவனங்களும் ஈற்றில் வீட்டு உற்பத்தியாளரும் அதற்குள் கொண்டுவரப்பட வேண்டும்.

மக்களுக்கும் இதிற் பங்குண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கச்சானும் நோன்பு காலத்து இப்தார்ச் சிற்றுண்டியும் எமது வாழ்வின் இனிய அங்கங்கள். வீண்விரயத்தைக் கடிந்துரைக்காத சமயம் எதுவுமில்லை. ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தத்தமது வளவுகளுக்குள் ஒட்டேட்டு உறைகளைத் தவிர்க்க முன்வந்தால், உற்பத்தியாளருக்கு அதுவே நிச்சயமான சந்தையாக அமையும். குடாநாட்டின் அடியிலுள்ள நன்னீர் சமயம் பார்த்தோ இனம் பார்த்தோ பிரிந்து ஓடுவதில்லை. ஒருவர் வளவிற் கொட்டுவது மற்றவர் கிணற்றிற் சேருகின்றது. அந்த நீர் பழுதாகு முன்னரே இக்கடமைகள் நிறைவேற்றப்பட வேண்டுமென்பதை உரிய தரப்பினர் யாவருக்கும் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.