அயர்லாந்து நெருக்கடியில் சுமை யார் தலையில் விழுந்தது?

2008-இல் அயர்லாந்து வங்கிகள் ஆட்டம் கண்டபோது ஒரு வாதம் ஓங்கி ஒலித்தது: அரசு ஊழியர் சம்பளம் எல்லை மீறிவிட்டது, அதை வெட்டுவதே நியாயம். அந்த வாதத்தின் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“சம்பளச் செலவே கஜானாவைக் காலி செய்தது.”

நெருக்கடிக்கு முந்தைய பத்தாண்டில் சம்பளம் உயர்ந்தது உண்மை. ஆனாலும் 2007-இல் அரசின் கடன் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்குதான். வங்கிகள் கண்மண் தெரியாமல் கொடுத்த கடனால் வீட்டு விலை ஏறியது, பத்திரப்பதிவு வரி கொட்டியது. கடன் நின்றதும் வரியும் வற்றியது. பற்றாக்குறைக்கு வித்திட்டது அந்தக் கடன்தான்.

“சுமையை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.”

2008 செப்டம்பர் 29 இரவோடு இரவாக, ஆறு வங்கிகளின் சுமார் 44,000 கோடி யூரோ பொறுப்புகளுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. ஆறு மாதத்துக்குள் அரசு ஊழியர் சம்பளத்தில் ஓய்வூதியப் பிடித்தம் விழுந்தது. 2010 ஜனவரியில் நேரடி வெட்டு: முதல் 30,000 யூரோவுக்கு 5 சதவீதம், அடுத்த 40,000-க்கு 7.5 சதவீதம். ஆண்டுக்கு 35,000 யூரோ வாங்கும் செவிலியர் 1,875 யூரோ இழந்தார், பிடித்தம் தனி. வங்கியின் பங்குதாரர்களும் இழந்தார்கள். ஆனால் அரசுடைமையான ஆங்கிலோ ஐரிஷ் வங்கியின் பிணையற்ற, உத்தரவாதமும் இல்லாத கடன்பத்திரங்களுக்கு 2011 நவம்பரில் சுமார் 100 கோடி டாலர் முழுசாகத் திருப்பித் தரப்பட்டது.

“வேறு வழியே இல்லை.”

சேமிப்பாளரைக் காப்பது கடமை. ஆபத்துக்கு ஈடாக வட்டி வாங்கிய முதலீட்டாளரைக் காப்பது கடமையல்ல. அவர்கள் நஷ்டப்படுவதை ஐரோப்பிய மத்திய வங்கி எதிர்த்தது. அப்படியானால் செலவில் ஒரு பங்கை ஐரோப்பா ஏற்றிருக்க வேண்டும். ஆங்கிலோ விழுங்கியது ஏறக்குறைய 3,000 கோடி யூரோ. சம்பள வெட்டில் மிச்சமானது ஆண்டுக்குச் சுமார் 100 கோடி. முப்பது ஆண்டு வெட்டினால்தான் அந்த ஒரு வங்கியின் கணக்கு தீரும்.

“தவறு செய்தவர்கள் தண்டனை பெற்றார்கள்.”

2008-இல் ஆங்கிலோ தன் பணத்தையே இன்னொரு நிதிக் குழுமத்துக்கு அனுப்பி, அதன் காப்பீட்டு நிறுவனம் வழியாக வாடிக்கையாளர் வைப்புத்தொகையாகத் திரும்பப் பெற்றது. இப்படி 720 கோடி யூரோ கூடுதலாகக் கணக்குக் காட்டியது. அதற்காகத் தலைமை நிர்வாகி டேவிட் டிரம் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றது 2018-இல். செவிலியரின் சம்பளத்தைத் தொட மாதங்கள் போதுமாக இருந்தன. வங்கித் தலைவரைத் தண்டிக்கப் பத்து ஆண்டு பிடித்தது.

நெருக்கடி வந்தால் முதலில் வங்கியின் கணக்கைத் திறக்க வேண்டும். கடன் கொடுத்து லாபம் பார்த்தவர்கள் நஷ்டத்தில் தங்கள் பங்கை ஏற்க வேண்டும். அதற்குப் பிறகும் பள்ளம் மிஞ்சினால் ஊழியரிடம் கேட்கலாம். இந்த வரிசையை மாற்றும் எந்த அரசுக்கும் தியாகத்தைப் பற்றிப் பேசும் தகுதியில்லை.